நாற்பது மெத்தைப் பணம்

போன வாரம் ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். "உங்கள் ரசீதம்மா இன்னும் எத்தனை வாரம் பில்களை வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தப் போகிறாள்? சீக்கிரம் திவால் ஆகித் தொலைக்கச் சொல்லுங்கள்." நியாயமான கோபம்தான். ஆனால் அம்மணி, கடன் வாங்க ஒரு கையெழுத்து போதும். அதைக் கட்ட முடியாது என்று ஒப்புக்கொள்ள நாற்பத்திரண்டு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

புதிதாக வருபவர்களுக்கு நாலு வரி. வீட்டிலும் வெளியிலும் 'முதலாளி' என்றே எல்லாரும் கூப்பிடும் மனிதர் ஒரு மெத்தைக் கடை வைத்திருந்தார். நன்றாக ஓடியது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி இரண்டாவது கடை திறந்தார். அந்த வருடம் பார்த்துத்தான் மெத்தைகள் சுருட்டிப் பெட்டியில் அடைபட்டு வீட்டு வாசலுக்கே வரத் தொடங்கின. கடைக்கு வந்தவர்கள் படுத்துப் பார்த்தார்கள், புரண்டு பார்த்தார்கள், எழுந்து போய் போனில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு கடைகளையும் வட்டி தின்றது.

அவர் மனைவிக்குப் பல் மருத்துவமனையில் பணம் வாங்கி ரசீது போடும் வேலை. ஒற்றை நாணயத்துக்கும் ரசீது இல்லாமல் யாரையும் படி இறங்க விடமாட்டாள். அதனால் ரசீதம்மா. கடன் பத்திரங்களில் கணவனுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். எனவே நாளை காலை பத்து மணிக்கு இருவரும் சேர்ந்து கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி, அதாவது திவால் மனு, கொடுக்கிறார்கள். பேர்தான் மஞ்சள். தாள் என்னவோ வெள்ளை.

இன்று செவ்வாய்க்கிழமை. சமையலறை ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி, துணி கிளிப்பில் பில்கள் தொங்குகின்றன. கல்லூரியில் படிக்கும் மகளின் ஏற்பாடு இது. நீல கிளிப் என்றால் கட்டியே ஆக வேண்டும்: வாடகை, மின்சாரம், தண்ணீர், மகளின் பஸ் பாஸ். சிவப்பு கிளிப் என்றால் கட்டவே கூடாது: மூன்று கிரெடிட் கார்டு, வங்கிக் கடன், பஞ்சு சப்ளை செய்த கம்பெனி.

வக்கீலம்மா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "மனு போடற வரைக்கும் வீட்டுச் செலவைத் தவிர யாருக்கும் எதுவும் கொடுக்காதீங்க. கடன் இருக்கற பேங்க்ல சம்பளம் விழுந்தா அவன் அப்படியே எடுத்துக்குவான். அதனால கடனே இல்லாத பேங்க்ல புதுக் கணக்கு தொடங்குங்க, சம்பளத்தை அங்க மாத்துங்க. எந்தக் கணக்கையும் மறைக்காதீங்க, பத்து காசு இருந்தாலும் எழுதுங்க. சொந்தக்காரங்களுக்கு மட்டும் ரகசியமா அடைச்சிடாதீங்க. முன்னாடியே அடைச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

ரசீதம்மா எல்லாவற்றையும் செய்தாள். செய்ய முடியாதது ஒன்றே ஒன்றுதான். பில் வந்த அன்றே கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவளுக்கு, சிவப்பு கிளிப்புகளுக்குக் கீழே நின்று சமைப்பது, வீட்டுக்கு வந்தவர்களை உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்திருப்பது போல் இருந்தது.

"பழைய பேங்குக்கு நான் போறேனே," என்றார் முதலாளி, சட்டைப் பொத்தானைப் போட்டபடி. "நீ எதுக்கு லீவு போட்டுட்டு அலையணும்?"

"நீங்க கடைச் சாவியை ஒப்படைக்கப் போங்க. பேங்க்ல உங்களைப் பார்த்தா மேனேஜர் எழுந்திரிச்சு வந்துடுவாரு."

"வந்தா வரட்டும். நான் போறேன்."

"எனக்கு அங்க மூணே வேலைங்க. தொண்ணூறு நாள் ஸ்டேட்மென்ட் வாங்கி சீல் போடணும். கரண்ட் பில்லும் தண்ணி பில்லும் அந்தக் கணக்குல தானா பிடிக்கறதை நிறுத்தணும். அவ்வளவுதான்."

"ரெண்டுதானே சொல்ற?"

"மூணாவது, அந்தப் பக்கமே இனிமே போகாம இருக்கறது."

அவர் சிரிக்கவில்லை. செருப்பு மாட்டும்போது மூன்றாவது தடவையாகச் சொன்னார், "நான் போறேனேம்மா." இத்தனை வருடம் கழித்தாவது நம் கால் வலி இந்த மனுஷனுக்குத் தெரிகிறதே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வங்கியில் டோக்கன் எண் ஐம்பத்து மூன்று. கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"ரசீதக்காதானே? போன மாசம் உங்ககிட்டதான் வேர் சிகிச்சைக்குப் பணம் கட்டினேன். இப்ப வலியே இல்லக்கா."

"அந்தப் பக்கமே கொஞ்ச நாளைக்குக் கடிங்க," என்றாள் ரசீதம்மா, பழக்க தோஷத்தில்.

அந்தப் பெண் மளமளவென்று தட்டினாள். மின்சாரம் நின்றது, தண்ணீர் நின்றது. அச்சு இயந்திரம் தாள்களைத் தள்ள ஆரம்பித்தது.

"நாலு கணக்குக்கும் சீல் போட்டுடவாக்கா?"

"மூணுதானேம்மா. கடைக் கணக்கு, அவர் கணக்கு, எங்க ரெண்டு பேர் கணக்கு."

"பொண்ணு பேர்ல ஒண்ணு இருக்கே. சாரும் நீங்களும் கூட. பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி ஓப்பன் பண்ணது."

ரசீதம்மாவுக்கு ஞாபகம் வந்தது. மகள் பிறந்த பதினைந்தாம் நாள், குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து தொடங்கிய சேமிப்புக் கணக்கு. இரண்டு பிறந்தநாள் பணம் போட்டதோடு சரி. அதில் என்ன இருக்கும், நானூறா, ஐந்நூறா? இருந்தாலும் பத்து காசு என்றாலும் எழுதச் சொல்லியிருக்கிறாரே. "போடும்மா," என்றாள். ஒரு கணக்கை மறக்கவிருந்தோமே, நல்லவேளை, என்றுகூட நினைத்தாள்.

நாலாவது தாளில் இரண்டே வரி.

நாற்பத்து மூன்று நாளுக்கு முன் ஒரு வரவு: ஒரு லட்சத்து எண்பதாயிரம். அனுப்பியது மாணவர் விடுதி. நாற்பத்தோரு நாளுக்கு முன் ஒரு பற்று: ஒரு லட்சத்து எண்பதாயிரம். பெற்றது, முதலாளியின் தங்கை.

அவள் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். விடுதிக்குக் கொடுத்த நாற்பது மெத்தைகள்தான் கடையின் கடைசி ஆர்டர். அந்த விடுதிக்காரன் பணம் தராமல் ஏமாற்றிவிட்டான் என்று முதலாளி வந்து சொன்னார். ஒன்றரை மாதமாக அவள் அந்த மேனேஜரைச் சபிக்காத நாளில்லை. தூங்குகிற பிள்ளைகளுக்கெல்லாம் மூட்டைப்பூச்சி கடிக்கட்டும் என்றுகூட ஒருநாள் சொல்லிவிட்டுப் பிறகு வாபஸ் வாங்கியிருந்தாள்.

கைப்பையில் போன் ஒலித்தது. புதுக் கணக்கில் முதல் சம்பளம் விழுந்துவிட்டது. ஒரு மாதமாக இந்தச் செய்திக்குத்தான் காத்திருந்தாள். பார்த்துவிட்டு உள்ளே போட்டாள்.

வாசலில், வண்டிகள் நிறுத்தும் இடத்தின் ஓரமாக நின்று வக்கீலம்மாவை அழைத்தாள்.

"மேடம், சும்மா பொதுவா ஒரு சந்தேகம்."

"பொதுவான்னு ஆரம்பிக்கறவங்க யாரும் பொதுவா கேக்கறதில்லம்மா. யாருக்கு, எவ்வளவு, எப்ப?"

சொன்னாள். மறுமுனையில் பேனாவை மேசையில் போடும் சத்தம் கேட்டது.

"எழுதணும். வேற வழியில்ல."

"எழுதினா என்னாகும்?"

"கோர்ட்ல நியமிக்கற அதிகாரி அந்தப் பணத்தை உங்க நாத்தனார்கிட்ட திரும்பக் கேப்பார். எல்லாக் கடன்காரங்களுக்கும் பங்கு வைக்கணும்ல?"

"அவ தையல்காரி மேடம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கண் ஆபரேஷனுக்குச் சேர்த்து வெச்சதைத்தான் இவர் கடைக்குன்னு வாங்கினார். போன மாசம்தான் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆச்சு. ஏதோ தர்ம டிரஸ்ட் உதவி பண்ணுச்சுன்னு இவர் சொன்னார். இப்பதான் தெரியுது, அந்த டிரஸ்ட் எதுன்னு."

"காசை எதுக்குச் செலவு பண்ணாங்கன்னு சட்டம் கேக்காதும்மா. ஒரு வருஷத்துக்குள்ள, சொந்தத்துல, மத்தவங்களை விட்டுட்டு கொடுத்திருக்கார். அது போதும்."

"எழுதாம விட்டா?"

"கண்டுபிடிக்க அவங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகும். மனு தள்ளுபடி. சத்தியம் பண்ணிப் பொய் சொன்னதுக்கு உங்க ரெண்டு பேர் மேலயும் வழக்கு. அப்புறம் உங்க சம்பளத்துலயே கை வெப்பாங்க. வாடகைக்கு என்ன பண்ணுவீங்க?"

"அந்த அதிகாரி மனசு வெச்சா..."

"வெக்கலாம். பதினெட்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். ரெண்டு தடவை பார்த்திருக்கேன்."

வீட்டுக்கு வந்தபோது முதலாளி முன்னதாகவே வந்திருந்தார். மெத்தைக் கடைக்காரர் வீட்டில் இப்போது மூன்று பாய்கள்தான். ஒன்றை விரித்துச் சுவரில் சாய்ந்திருந்தார். சாவிக்கொத்து இல்லாமல் அவர் இடுப்பு பார்க்கப் பாவமாக இருந்தது.

அவள் தாளை அவர் மடியில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"சாவியைக் கொடுத்துட்டேன்," என்றார். "போர்டைக் கழட்ட ஆள் கூலி நான்தான் கொடுக்கணுமாம்."

"விடுதி மேனேஜரை போன்ல கிழி கிழின்னு கிழிச்சேனே. அந்த மனுஷன், 'அம்மா, நான் கொடுத்துட்டேம்மா'ன்னு கெஞ்சினாரு. புளுகறான்னு நெனச்சேன்."

"தெரியும். பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

"உக்காந்து?"

"டீ குடிச்சிட்டிருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யவில்லை.

"வக்கீலம்மா நேராவே கேட்டாங்களே, சொந்தக்காரங்களுக்கு ஏதாவது கொடுத்தீங்களான்னு. தலையை ஆட்டினீங்களே!"

"ஆமான்னும் ஆட்டல, இல்லன்னும் ஆட்டல. சும்மா ஆட்டினேன்."

"என்னங்க இது, பச்சைப் புள்ள மாதிரி!"

முதலாளி முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "பதினோரு வருஷம் நம்ம மெத்தைக்கெல்லாம் அவதான் உறை தெச்சா. வெள்ளைத் துணி, வெள்ளை நூல். அதுலதான் கண்ணு போச்சு. அவ காசு ஒரு லட்சத்து எண்பது. விடுதிக்காரன் போட்டதும் ஒரு லட்சத்து எண்பது. கடவுளே எண்ணிக் கொடுத்த மாதிரி இருந்துச்சு. பஞ்சுக் கம்பெனிக்கும் தங்கச்சிக்கும் ஒரே வரிசையா? ஒரே பங்கா? இது என்ன நியாயம்?"

"நியாயமில்லதான். ஆனா அதுதான் சட்டம். இப்ப அவகிட்டயே திரும்பக் கேப்பாங்க."

"கேட்டா எங்கிருந்து கொடுப்பா? கண்ணைக் கழட்டியா கொடுப்பா?"

அடுத்த புதன்கிழமை இரண்டாவது கண்ணுக்கு நாள் குறித்திருந்தார்கள். மீதிப் பணம் அதற்காக இருந்தது.

"அந்த ஒரு கணக்கை மட்டும் விட்டுடு," என்றார் அவர், குரல் இறங்கி. "நானூறு ரூபா இருந்த கணக்கு. நீயே மறந்து போயிருந்த. மறந்ததாவே இருக்கட்டும். உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"நான் மறந்தது வேற. இப்ப தெரிஞ்சதுக்கப்புறம் எப்படிங்க மறக்கறது?"

"உனக்கு எல்லாம் ரசீதுதான்!"

"ஆமா, ரசீதுதான். பொண்ணு படிப்பும் வாடகையும் இப்ப என் சம்பளத்துல நிக்குது. அது போச்சுன்னா நாலு பேரும் தெருவுல நிக்கணும், உங்க தங்கச்சி உட்பட."

அவர் எழுந்தார். செருப்பைத் தேடினார், காலிலேயே ஒன்று இருந்தது.

"எழுதறதா இருந்தா, நான் இல்லாதப்ப எழுது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரசீதம்மா சமையலறை மேசை முன் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது, ஆனால் அது அவர் பணம் கொடுத்ததற்காக இல்லை. கேட்டிருந்தால் அவளும் கொடுக்கச் சொல்லியிருப்பாள். அதுதான் அவளை வாட்டியது. வக்கீலைப் பார்க்கும் முன்பே கேட்டிருந்தால், இருவரும் சேர்ந்து ஒரு தப்பாவது செய்திருக்கலாம். இப்போது கொடுத்த புண்ணியம் அவருக்கு, பிடுங்கும் பாவம் இவளுக்கு.

மனுவின் முப்பத்தோராம் பக்கத்தை எடுத்தாள். 'கடந்த ஓராண்டில் உறவினர் எவருக்கேனும் செலுத்திய தொகை' என்ற இடத்தில் 'இல்லை' என்று அவள் கையாலேயே எழுதியிருந்தது. அதை அடித்து, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டாள். கீழே உறவு, தொகை, தேதி. கடைசிக் கட்டம்: 'திரும்பப் பெறத்தக்கதா?' எதிரே ஆம், இல்லை என்று இரண்டு சதுரங்கள். ஆம் என்பதில் குறியிட்டாள். பல் மருத்துவமனையில் நாளுக்கு நூறு ரசீது எழுதுகிற கை அது. இந்த ஒரு வரிக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது.

கணவரின் சுருக்கொப்பத்துக்கான இடம் காலியாக இருந்தது. அவரும் ஒப்பமிட்டால்தான் திருத்தம் செல்லும். அவர் போடுவாரா என்று அவளுக்குத் தெரியாது.

பேனாவை மூடும்போதே, நாலு மணிக்கு, வாசலில் குரல் கேட்டது.

"அண்ணி! கதவைத் திறங்க, கண்ணு வந்திருக்கு!"

ஊசி வந்திருந்தாள். நாத்தனாருக்கு அந்தப் பெயர் கைவேலைக்காக வைத்ததா, வாய்க்காக வைத்ததா என்று குடும்பத்தில் இன்னும் முடிவாகவில்லை. கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு, பிஸ்கட் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். திவால் மனுவின் நாற்பத்திரண்டு பக்கங்களும் அதே மேசையில்தான் இருந்தன.

"இன்னிக்கு ஊசியில நானே நூல் கோத்தேன் அண்ணி. ஒரே தடவையில! ரெண்டு வருஷமா பக்கத்து வீட்டுப் பாப்பாவைக் கெஞ்சிக்கிட்டு இருந்தேன். போடி, இனிமே உன் தயவு வேணாம்னுட்டேன்."

"நல்லது," என்றாள் ரசீதம்மா. "உக்காரு, டீ போடறேன்."

"டீ இருக்கட்டும். முதல்ல இதைப் பிடிங்க." இடுப்புப் பையிலிருந்து அளவு எழுதும் சீட்டு ஒன்றை எடுத்தாள். "உங்களைப் பத்தித் தெரியாதா? பணம் கைமாறி நாப்பது நாளாச்சு, ரசீது கொடுக்கலையேன்னு எனக்குத் தூக்கமே இல்ல. கண்ணு சரியானதும் நானே எழுதணும்னு இருந்தேன்."

சீட்டில் மணிமணியாக எழுதியிருந்தது. அண்ணனுக்குக் கொடுத்த கடன் ஒரு லட்சத்து எண்பதாயிரம் முழுவதும் பெற்றுக்கொண்டேன். தேதி, கையெழுத்து. எழுத்துகள் தையல் போட்ட மாதிரி ஒரே அளவில் நேராக இருந்தன.

"அண்ணன் வந்து சொன்னப்ப நான் வேணாம்னுதான் சொன்னேன். உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? அப்புறம் அண்ணன் சொல்லிச்சு, 'உங்க அண்ணிதான் முதல்ல உனக்குக் கொடுக்கச் சொன்னா, மத்தது அப்புறம்னா'ன்னு. அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன் அண்ணி. டாக்டர் வேற அழக்கூடாதுன்னிருந்தாரு."

ரசீதம்மா சீட்டை வாங்கிக்கொண்டாள். கிளிப்பில் மாட்டலாம் என்று பழக்கத்தில் கயிற்றுப் பக்கம் போனாள். நீலத்திலா சிவப்பிலா என்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் எங்க?"

"வெளிய போயிருக்கார்."

"நாளைக்கு நானும் கோர்ட்டுக்கு வரேன். நீங்க ரெண்டு பேரும் அநாதை மாதிரி போய் நிக்கக் கூடாது. ஊரு ஆயிரம் சொல்லட்டும், எங்க அண்ணன் யார் காசையும் ஏமாத்தல. எனக்குத் தெரியும்."

"நீ வேணாம்மா. அலைச்சல். கண்ணு இன்னும்..."

"கண்ணுக்கு என்ன? ராஜா மாதிரி இருக்கு. நம்பலையா? இருங்க, சோதனை வெச்சுக்காட்டறேன்." ஆபரேஷன் ஆகாத கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மேசை மேல் மேலாக இருந்த தாளை எடுத்தாள். "இந்தப் பொடி எழுத்தையெல்லாம் படிக்கறேன் பாருங்க."

"அதை வெச்சிடு," என்று சொல்ல ரசீதம்மா வாய் திறந்தாள். அதற்குள் நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள்.

ஊசி பள்ளிப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தாள். "கடந்த... ஓராண்டில்... உறவினர் எவருக்கேனும்... எம்மாடி, எறும்பு சைஸ்ல அடிச்சிருக்கான்! செலுத்திய தொகை. இல்லை. அது அடிச்சிருக்கு. கீழ உங்க கையெழுத்து, இது எனக்கு நல்லாத் தெரியும். பெற்றவர், மனுதாரரின் தங்கை. ஒரு லட்சத்து..."

நிறுத்தினாள். மீதியை உதடு மட்டும் அசையப் படித்தாள். இன்னும் உலராமல் மினுங்கிய அந்தக் குறியை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் மை ஒட்டியது.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "திரும்பப் பெறத்தக்கதுன்னா என்ன?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி வந்துகொண்டிருந்தார்.

"உக்காரு, சொல்றேன்," என்றாள் ரசீதம்மா.

ஊசி உட்காரவில்லை. பொத்திய கண்ணிலிருந்து கையையும் எடுக்கவில்லை. அந்த ஒற்றைக் கண்ணால் அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.